திரும்பிப் பார்க்காதவர்

ஒரு நாட்டைப் பற்றி அவரிடம் கேட்டால் அங்கே சம்பளம் எப்படி, குளிர் எப்படி என்று சொல்லமாட்டார். வேலை முடிந்தபின் பொழுதுபோக்குக்காக ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் அந்த ஊரில் எப்படி இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள் என்று சொல்வார். ஒரு ஜனத்தின் குணம் அதில் தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

"கனடாவுல எல்லாரும் மட்டையக் கொண்டாந்து நடுவுல குவிச்சிருவாங்க சயா. ஒருத்தன் குவியலுக்கு முதுகக் காட்டி மண்டி போட்டு, கையப் பின்னால விட்டு எடுத்து, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு வீசுவான். உங்க மட்டை எங்க விழுதோ அதான் உங்க கட்சி. கடைக்காரன், போலீஸ்காரன், பல் டாக்டர், எல்லாம் ஒரே குவியல். பின்லாந்துல நான் ஆடின எடத்துல அப்படி இல்ல. ஒருத்தன் வீட்டுலயே உக்காந்து பிரிச்சிட்டு வந்திருவான். யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. ஆட்டம் முடிஞ்சு நீராவி ரூமுல முதலாளியும் வெல்டரும் துணியில்லாம ஒரே பலகையில உக்காந்திருப்பாங்க, அப்பவும் பேச மாட்டாங்க. துபாயில நாட்டு வாரியாப் பிரிவாங்க. ரஷ்யாக்காரன் ஒரு பக்கம், கனடாக்காரன் ஒரு பக்கம். அதான் அங்க எப்பவும் அடிதடி. சிங்கப்பூர்ல போனுல வந்திரும், நீ கறுப்புச் சட்டை நீ வெள்ளச் சட்டைன்னு. சுத்தமான வேலை. ஆனா யாரு பிரிச்சான்னு தெரியாது."

இதைச் சொல்லி முடித்ததும் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "முதுகக் காட்டி எடுக்கிறதுதான் சயா நல்ல வழி. எடுக்கிறவனையே யாரும் சந்தேகப்பட முடியாது பாருங்க" என்பார். நான் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியரைப் பர்மியர்கள் சயா என்பார்கள். பர்மாவில், தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் தெருவில் தமிழர், பர்மியர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் நான் சயாதான். வேறு பெயர் எனக்கு வழக்கொழிந்து போயிற்று.

அவர் எங்கள் தெருவிலேயே பிறந்தவர். கப்பலில் குளிர்சாதன இயந்திரம் பார்க்கிற வேலைக்குப் போனவர், கப்பலை விட்டு இறங்கி எங்கெங்கோ அதே வேலை பார்த்திருக்கிறார். எந்த நாட்டில் எத்தனை காலம், எது முன்னே எது பின்னே என்பது எனக்குத் தெரியாது. அவர் பேச்சில் எல்லா நாடும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபதை நெருங்கும்போது திரும்பி வந்து, நகரத்தில் ஒரு கடைவளாகத்தின் மேல்மாடியில் இருந்த சின்னச் சறுக்குத் தளத்தில் ஐஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். ஞாயிறு காலையில் கூட்டம் வருமுன்பே அங்கே பையன்களைச் சேர்த்து ஹாக்கி ஆட விட்டார்.

அது ஹாக்கிதானா என்று மற்ற நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். தளம் ஒரு கல்யாண மண்டபம் அளவுகூட இராது. கறுப்பு ரப்பர் வட்டு கண்ணாடியை உடைத்துவிடும் என்று மேலாளர் தடுத்ததால் டென்னிஸ் பந்து. கோல் கீப்பருக்குக் கிரிக்கெட் பேடு. மோட்டார் சைக்கிளுக்கே தடை இருக்கிற இந்த நகரத்தில் எங்கிருந்தோ மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுகளைக் கொண்டுவந்து எல்லார் தலையிலும் மாட்டிவிட்டார். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஐஸ் மேல் தண்ணீர் நிற்கும். விழுந்தவர்கள் நனைந்து எழுந்து "யாபாதே, யாபாதே" என்று சிரிப்பார்கள். பரவாயில்லை என்று அர்த்தம்.

"அண்ணே, இதுக்குப் பேரு ஐஸ் ஹாக்கி இல்ல, வாட்டர் ஹாக்கி" என்பான் அவருடைய தங்கை மகன். இருபத்து மூன்று வயது. அவனுக்கு அவர் தாய்மாமன். ஆனாலும் தளத்தில் மற்றவர்களைப் போல அண்ணே என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் மாமா.

"டே, துபாயில வெளிய பாலைவனம், உள்ள ஐஸ். இங்க உள்ளயே ரெண்டும் இருக்கு. ஒனக்கு லாபம்டா" என்பார் அவர்.

யாராவது முரட்டுத்தனமாக மோதினால் மட்டும் சிரிக்கமாட்டார். ஆட்டத்தை நிறுத்தி, "நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போகணும்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை எல்லா நாட்டிலும் கேட்டிருப்பதாகச் சொன்னார். பின்லாந்தில் மட்டும் யாரும் சொல்வதில்லையாம், சொல்லாமலே தெரியுமாம்.

என் பேரனும் அங்கே ஆடினான். அவன் அப்பா அம்மா கோலாலம்பூரில். அவன் என்னோடு வளர்ந்தான். அவனைக் கொண்டுவிட வந்த என்னை இவர் சும்மா விடவில்லை. கையில் ஒரு மணியைக் கொடுத்து, நேரம் பார்த்து அடிக்கச் சொன்னார். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் மணி அடித்தேன். "நம்ம சயா அடிச்சா ஒரு நொடி முன்னப் பின்ன ஆகாது" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மட்டைகளைப் பிரிக்கிற வேலையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்வார். வலது கையில் கோல் கீப்பரின் தடித்த கையுறையை மாட்டிக்கொள்வார். எதற்கு என்று முதல்முறை கேட்டேன்.

"ஒவ்வொருத்தனும் பிடியில டேப்பு ஒவ்வொரு மாதிரி சுத்துவான் சயா. வெறுங்கையில தொட்டா யாரு மட்டைன்னு எனக்குத் தெரிஞ்சிரும். கண்ண மூடினா போதுமா? கைக்கும் கண்ணு இருக்கில்ல."

ஒரு ஞாயிறு நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் விழுந்துவிட்டார்கள். மறுபக்கம் நிற்கத் தெரியாதவர்கள், என் பேரனும் அதில் ஒருவன். மறுபடி பிரிக்கச் சொல்லி எல்லாரும் கத்தினார்கள். ஜெயிக்கப்போகிறவர்களே கேட்டார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "எனக்குப் பிடிக்கலன்னு ரெண்டாவது தடவ எடுத்தா, மொதத் தடவ எடுத்தது எதுக்கு?" அன்றைக்கு என் பேரன் பக்கத்துக்குப் பதினைந்து கோலுக்கு மேல் விழுந்தது. பையன்கள் அவரைச் செவிட்டு அண்ணே என்று கேலி செய்தார்கள். அவர் கடைசிவரை அந்தத் தோற்கிற பக்கத்துக்குக் கோல் கீப்பராக நின்று, ஒவ்வொரு பந்தையும் உள்ளே விட்டு, ஒவ்வொரு முறையும் வெட்கமில்லாமல் சிரித்தார்.

அந்தக் குணத்தில் எனக்கு அன்பும் இருந்தது, சற்று பயமும் இருந்தது. ஒரு வழியை நம்பிவிட்டால் அதன் முடிவை எதிர்த்துக் கேட்கமாட்டார். குருட்டுத்தனமும் நேர்மையும் அவரிடம் பிரிக்கமுடியாமல் இருந்தன.

மின்வெட்டு கூடியபோது டீசல் கட்டுப்படியாகாமல் சறுக்குத் தளத்தை மூடினார்கள். அவர் தெருவில் பழைய குளிர்பதனப் பெட்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து, இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கிற சட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு ஆள் என்று கேட்டார்கள். முதல் முறை எங்கள் தெருவிலிருந்து போனவன் ஒரு வண்டிக்காரர் மகன். இரண்டாம் முறை தகப்பன் இல்லாத ஒருவன். கேட்பதற்கு நாதியில்லாத வீடாகப் பார்த்துக் கைகாட்டினார்கள். மூன்றாம் முறை வந்தபோது தெரு கொதித்தது. யாரும் போகாவிட்டால் வண்டி வந்து கையில் கிடைத்த நாலைந்து பேரை அள்ளிக்கொண்டு போகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஓடமுடிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். மீதமிருந்த பையன்களில் அவர் தங்கை மகனும் என் பேரனும் இருந்தார்கள். தங்கை நகரத்தின் இன்னொரு பகுதியான பசுந்தாங்கில் இருந்தாலும் பையன் மாமன் வீட்டோடு இருந்து வேலைக்குப் போனதால் எங்கள் தெருக் கணக்கில்தான் வந்தான். என் பேரனுக்குக் கோலாலம்பூர் போக எல்லாம் தயாராக இருந்தது. கடவுச்சீட்டு ஒன்றுதான் கைக்கு வரவேண்டும்.

தெருக்காரர்கள் என் வீட்டில் கூடினார்கள். சீட்டுக் குலுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். யார் எழுதுவது, யார் மடிப்பது என்று சண்டை வந்தது. அப்போது ஹாக்கி ஆடிய பர்மியப் பையன் ஒருவன், "அங்கிள் எடுக்கட்டும். அவர் முதுகைக் காட்டி எடுத்தால் நான் ஒத்துக்கொள்கிறேன்" என்றான். மற்றப் பையன்களும் தலையாட்டினார்கள்.

அவர் மறுத்தார்.

"அது வெளையாட்டு சயா. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க. இதுல போறவன் வருவானா? நான் கை வைக்க மாட்டேன்."

அவரை ஒப்புக்கொள்ள வைத்தது நான். படித்தவன் பேசுகிற மாதிரி பேசினேன். "நீ எடுக்காவிட்டால் அநியாயமாக எடுப்பார்கள் தம்பி. ஏழையாகப் பார்த்து எடுப்பார்கள். போகிறவன் போகத்தான் போகிறான். நியாயமாகப் போனான் என்று அவன் அம்மாவுக்குச் சொல்லவாவது ஒரு ஆள் வேண்டாமா?" இதைச் சொன்னபோது என் மனத்தில் கள்ளம் இல்லை. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்லமுடியும்.

கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் வைத்துக்கொண்டோம். தெருவில் அகலமான இடம் அதுதான். கையுறை போட்ட கையால் சீட்டை எடுக்கமுடியாது, கையுறை இல்லாமல் எடுக்கமாட்டேன் என்றார். அதனால் ஒவ்வொரு பையனும் தன் இடது காலின் செருப்பைக் கழற்றிக் குவியலில் போடுவது என்று முடிவாயிற்று. முதலில் கைக்கு வருகிற செருப்பு யாருடையதோ அவன் போகவேண்டும்.

"ஒன் தங்கச்சி மவன் செருப்பப் போட விடாத. எடுக்கிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற அடுத்த வீட்டு முஸ்லிம் பெரியவர்.

"நான் எத்தனை நாட்டுல ஆடியிருக்கேன் நானா" என்றார் இவர். "எல்லா எடத்துலயும் எடுக்கிறவன் மட்டையும் குவியல்லதான் கெடக்கும்." மருமகனைப் பார்த்து, "போடுறா" என்றார். அவன் போட்டான். "மாமா, வாட்டர் ஹாக்கி மாதிரி ஆக்கிராத" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

கடைசியாகப் போட்டவன் என் பேரன். அவன் செருப்பு குவியலின் உச்சியில் கிடந்தது. காலையில் நான்தான் அதன் வாரைத் தைத்துக் கொடுத்திருந்தேன்.

அவர் துண்டை மடித்துப் போட்டு, குவியலுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் அவருக்கு எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்தார்கள். அதுதான் அந்த முறையின் வழக்கம். அவர் ஏமாற்றுகிறாரா என்று பார்க்க அவருடைய கண்ணைத்தான் பார்ப்பார்கள். குவியலுக்குப் பின்னால் நின்றது நான் ஒருவன். சரி என்று சொல்வதற்காக என்னை அங்கே நிறுத்தியிருந்தார்.

கையில் குடை இருந்தது. குடையின் முனையால் என் பேரன் செருப்பைத் தள்ளினேன். கோயிலுக்கு வந்தவர்கள் கழற்றி விட்டிருந்த செருப்புகளோடு அது போய்ச் சேர்ந்தது. சத்தம்கூட வரவில்லை. யோசித்துச் செய்தேனா என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். யோசித்துத்தான் செய்தேன். யோசிக்க நேரம் இருந்தது.

"சரி" என்றேன்.

அவர் கை பின்னால் வந்தது. கொஞ்சமும் தடவவில்லை. நேராகக் குவியலின் உச்சிக்கு, என் பேரன் செருப்பு கிடந்த இடத்துக்கு வந்து, அதற்கு அடியில் இருந்ததைப் பற்றி எடுத்தது.

நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு செருப்பு குறைந்தால் மற்ற ஒவ்வொருவனுக்கும் ஆபத்து கொஞ்சம்தான் கூடும், அந்தப் பையனுக்கு எப்படியும் வந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கை எந்த இடத்துக்கு வந்தது என்று பார்த்தவன் நான்தான்.

அவர் செருப்பை முன்னால் கொண்டுவந்து, கண்ணைத் திறந்து, யாருடையது என்று கேட்டார். பிறகு அவரே அடையாளம் கண்டுகொண்டார். மருமகன் ஒற்றைக் காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தான். தெருவே, சயா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தது. ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் கழித்துப் பையனைக் கொண்டுபோனார்கள். அவன் அம்மா பசுந்தாங்கிலிருந்து ஓடிவந்தபோது வண்டி போய்விட்டது. அவள் அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒன் கையாலயே எடுத்துக் குடுத்திட்டியேண்ணே. பெத்த புள்ளயா இருந்தா எடுத்திருப்பியா?"

"நியாயமா நடந்துச்சும்மா. சத்தியமா நான் பாக்கல. சயா பின்னால நின்னாரு, அவரக் கேளு. அவரு பொய் சொல்ல மாட்டாரு."

அவளை என் வீட்டுக்கே அழைத்து வந்தார். அவள் என்னைப் பார்த்தாள். என் பேரன் அப்போது உள்ளறையில் இருந்தான்.

"நியாயமாகத்தான் நடந்தது அம்மா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் அண்ணனோடு பேசவில்லை. என் பேரனுக்குக் கடவுச்சீட்டு வந்து, மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போக வாடகைக் கார் வந்து நின்றபோது, அவர்தான் பெட்டியைத் தூக்கி வைத்தார். "கோலாலம்பூர்லயும் ஞாயித்துக்கெழம ஆடுவாங்கப்பா. போய் நில்லு. யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க, சேத்துக்குவாங்க" என்று அவன் தோளைத் தட்டினார். பேரன் அவர் காலில் விழுந்தான். என்னிடம் விடைபெறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பு போன இடம் அவனுக்குத் தெரியும்.

படைக்குப் போன பையனிடமிருந்து சில மாதம் ஃபோன் வந்தது. பிறகு வடக்கே அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு வரவில்லை. கடைசியில் முன்பின் தெரியாத ஒரு எண்ணிலிருந்து யாரோ பேசி, அவன் இறந்துபோனான் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். உடல் வரவில்லை. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் எந்த நாட்டைப் பற்றியும் பேசவில்லை. குளிர்பதனப் பெட்டிகள் பாதி பிரித்தபடி வாசலில் கிடந்தன. மாலையில் என் வீட்டுக்கு வந்து உட்காருவார். ஒரு நாள் கேட்டார்:

"நியாயமாத்தான நடந்துச்சு சயா?"

"நியாயமாகத்தான் நடந்தது தம்பி."

"அப்ப சரி. அது ஒண்ணுதான் இருக்கு எனக்கு."

இதற்குமேல் எப்படிச் சொல்வது? அவருக்கு மிச்சமிருந்த ஒன்றை நான் பிடுங்கவேண்டுமா என்று எனக்கு நானே வாதாடினேன். அது இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், மணி அடித்த சயாவாகவே அவர் கண்ணில் இருந்துவிட ஆசைப்பட்டேன். வேறொன்றும் இல்லை.

இந்த வருஷம் மழை தொடங்கியபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் காலையில் மொஹிங்கா வாங்கிக்கொண்டு போய், மீன் குழம்பில் சேமியாவை நன்றாக ஊறவைத்து ஊட்டுவேன். தங்கைக்கு ஆள் அனுப்பினோம். வரவில்லை. ஒரு நாள் வாயைக் கோணிக்கொண்டு, "தங்கச்சி வந்தா... நியாயம்னு... நீங்க சொல்லுங்க" என்றார். அவர் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை. அவரை எரித்த அன்றைக்கும் அவள் வரவில்லை. தெருக்காரர்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டினார்கள். நானும் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பசுந்தாங்குக்குப் போனேன். சந்தை ஓரத்தில் அவள் பருப்பு வடை சுட்டு விற்கிறாள். காலைக் கூட்டம் ஓயும்வரை எதிரே காத்திருந்தேன். என்னைக் கண்டதும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "ஒக்காருங்க சயா. அண்ணனுக்குச் செஞ்சதெல்லாம் கேள்விப்பட்டேன்" என்றாள்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எந்த இடத்தில் நின்றேன், எதைத் தள்ளினேன், அவர் கை எங்கே வந்தது, எல்லாவற்றையும். அவர் பார்க்கவில்லை, அவருக்குக் கடைசிவரை தெரியாது என்பதையும் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். எண்ணெய் அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடியையோ வசையையோ எதிர்பார்த்தேன். அது வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இத அண்ணங்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லையம்மா."

"நான் போயிருப்பேனே சயா. ஒரு வாய் தண்ணியாவது குடுத்திருப்பேனே."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"ஒங்க பேரன் நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

"கல்யாணம்?"

"பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

"சரி" என்றாள். பிறகு வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து நின்றார். அவள் அடுப்பை மறுபடி பற்றவைத்து, மாவை உருட்டத் தொடங்கினாள். நான் போகிறேனா இல்லையா என்று அவள் பார்க்கவில்லை.